புக்கிட் தெம்பினிஸ் எல்லைக்கற்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 பிப்ரவரி 2023

அன்புத் தங்கை பெர்னடெட்டுக்கு,

நான் நலம். நீயும் உன் சர்க்கரையும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போவீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முட்டி வலி மாடிப்படியில் மட்டும். காது முன்பைவிட மோசம். மார்வின் காதுக்கருவி வாங்கித் தருகிறேன் என்கிறான். அத்தனை ஆயிரம் வெள்ளி கொட்டி இந்த ஊர் பேசுவதைக் கேட்க வேண்டுமா என்று என் மகனைக் கேட்டேன். போன வாரம் தைப்பூசத்துக்குத் தெருவே பத்துமலைக்குப் போய்விட்டது. எனக்கு அது மற்ற நாள் மாதிரிதான் இருந்தது. ஆகவே தொலைபேசியில் கத்தாதே, எழுது. கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். தபாலில் ஆறு நாள். தபாலே நல்லது.

நீ அனுப்பிய துண்டறிக்கை கிடைத்தது. ‘புக்கிட் தெம்பினிஸ் மலையைக் காக்க நீதி தாரீர்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது நிதி. நீதி அல்ல. கறிபாப் பலகாரம் விற்று நீதி வாங்கியவரை நான் பார்த்ததில்லை. கீழே ஒரு குரங்கின் படம். அது ஒன்றுதான் அந்தத் தாளில் விவரம் தெரிந்த முகமாக இருக்கிறது.

தலைவர் குமரப்பன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் என்று போட்டிருக்கிறது. வீடு கட்டும் கம்பெனிகளுக்கு முப்பது வருடம் கடன் கொடுத்த மனிதர் இப்போது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மரத்தைக் கட்டிப் பிடிக்கிறாராக்கும். செயலாளர் பெர்னடெட். ஓய்வு பெற்ற தாதி. நோயாளிக்கு ஊசி போட்ட கை இப்போது நன்கொடைத் தகரம் குலுக்குகிறது. கம்பெனி மலையில் மூன்று அடுக்குமாடி கட்டப் போகிறது என்றால் கட்டும். நீங்கள் அறுபது பேர் காலையில் வேர்க்க விறுவிறுக்க நடப்பதற்காக அது நிற்காது. நடக்க ஆசையாக இருந்தால் பேரங்காடிக்குப் போங்கள்; குளிர்சாதனம் உண்டு.

ஐந்து வெள்ளிகூடத் தரமாட்டேன். துண்டறிக்கையைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறேன். என் நன்கொடை அவ்வளவுதான்.

ஆண்டவர் உனக்குப் புத்தியைத் தரட்டும்.

அண்ணன்,
இக்னேஷியஸ்


தாமான் தெம்பினிஸ், கிள்ளான்
26 பிப்ரவரி 2023

இயேசுவில் அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையில் நலம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தவக்காலம் தொடங்கிவிட்டது, இறைச்சியை விட்டிருப்பீர்கள். வாயையும் கொஞ்சம் விட்டிருக்கலாம்.

திருத்தத்துக்கு நன்றி. அச்சகத்தில் சொல்லிவிட்டோம்.

அண்ணே, நீங்கள் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் கென்னத் அடக்கத்துக்கு வந்ததுதான் கடைசி. அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பக்கத்து வரிசை உஷாராணிதான், கறிபாப் போட்டு விற்பாளே, அவள்தான் ஒருநாள் வந்து, “அக்கா, செருப்ப மாத்துங்க, மலைக்குப் போவோம்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அன்றிலிருந்து தினமும் ஏறுகிறேன். தாமான் குடியிருப்புக்காரர்கள் முப்பது வருடமாக நடந்து நடந்து உண்டாக்கிய ஐந்து பாதைகள் இருக்கின்றன. மேலே ஓர் ஊற்று. வெள்ளம் வந்த வருடம் கிள்ளானில் பாதி முழுகியபோது எங்கள் வரிசையில் வாசல்படிகூட நனையவில்லை. அத்தனை மழையையும் இந்த மலைதான் குடித்தது.

ஜனவரியில் அடிவாரத்தில் கட்டுமான அனுமதிப் பலகை நட்டார்கள். அந்த அனுமதியை ரத்துச் செய்யக் கேட்டு வழக்குப் போடப்போகிறோம். கேரன் என்ற இளம் வழக்கறிஞர் தன் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆனாலும் மண் ஆய்வுக்கும் நீர் ஆய்வுக்கும் நிபுணர்கள் வேண்டும். அதற்குத்தான் தகரம் குலுக்குகிறோம்.

உங்களிடம் ஓர் உதவி. இந்தத் தாமான் கட்டும்போது நிலம் அளந்தது நீங்கள்தானே. கேரன் சொல்வது: “ஆன்டி, முதல்ல போட்ட லேஅவுட் பிளான் கிடைச்சா போதும் லா. மலை பொது இடம்னு அதுல இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். எந்த ஃபைல்லயும் காணோம்.” பழைய காகிதங்களை நீங்கள் எறிய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பாருங்கள்.

மார்வினுக்கு என் அன்பு.

தங்கை,
பெர்னடெட்


பிரிக்ஃபீல்ட்ஸ்
20 மார்ச் 2023

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். வலி போகவில்லை, வெந்நீர்தான் ஆறியது.

உங்கள் நடைப் பேரணி பற்றிப் பத்திரிகையில் பார்த்தேன். மழையில் நனைந்த இருநூறு பேர். நடுவில் குமரப்பன் ஒலிபெருக்கியோடு. நீ அனுப்பிய பச்சை பனியனும் வந்தது. முதுகில் மரம், நெஞ்சில் இலை. அதைக் கொண்டு ஜன்னல் துடைத்தேன். துணி நல்ல துணி, கண்ணாடி பளிச்சென்று ஆனது. உங்கள் இயக்கத்தால் இந்த நாட்டில் நடந்த முதல் நன்மை.

எனக்கு ஒன்று புரியவில்லை. உங்கள் தாமான் நிற்கும் இடத்திலும் ஒரு காலத்தில் காடுதான் இருந்தது. அதை வெட்டித்தான் உங்களுக்கு வீடு. உங்கள் வீட்டுக்காக வெட்டியது முன்னேற்றம். அடுத்தவன் வீட்டுக்காக வெட்டினால் அநியாயம். மாடிக்கு மாடி குளிர்சாதனம் ஓட, வாசலில் இரண்டு கார் நிற்க, மலைக்கு மூச்சு முட்டுகிறது என்று அழுகிறீர்கள். பத்து வெள்ளி தகரத்தில் போட்டுவிட்டால் பாவம் தீர்ந்துவிடுகிறது. நம் பூசையில் காணிக்கைத் தட்டு சுற்றும்போதுகூட இவ்வளவு மலிவாகப் பாவம் தீராது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. இரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
இக்னேஷியஸ்


கிள்ளான்
20 மே 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. பாஸ்கா வாழ்த்துக்கூட எழுத முடியாமல் போய்விட்டது, மன்னியுங்கள். வழக்கைப் பதிந்துவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை காலை மண்வாரி இயந்திரம் வந்தது. வழக்கு நடக்கும்போதே வந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கீழ்ப் பாதையில் நாற்பது ஐம்பது மரம் சாய்ந்துவிட்டது. மரங்கள் சாறு ஒழுகக் கிடந்தன. எங்களுக்கு முன்னே உஷாராணி போய்ச் சேர்ந்திருக்கிறாள். பாசார் சந்தைக்குக் கொண்டுபோக வைத்திருந்த கறிபாப் தட்டோடு இயந்திரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுநர் கீழே இறங்கி, “அக்கா, எனக்கு வேலை லா. எந்திரிங்க” என்று கெஞ்சுகிறார். இவள், “உனக்கு வேலைன்னா எனக்கும் இதான் வேலை. சாப்டியா?” என்று தட்டை நீட்டினாள். அவர் இரண்டு எடுத்துத் தின்றுவிட்டு எஞ்சினை அணைத்தார். கேரன் அன்று மாலையே நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கிவிட்டார்.

தடை வந்த கையோடு கம்பெனி பெரிய வழக்கறிஞர்களை இறக்கியிருக்கிறது. எங்கள் நிதி நிபுணர்களுக்கே போதவில்லை. குமரப்பன் ஐயா மூலமாக என் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். மதிப்பீட்டாளர் அடுத்த வாரம் வருகிறார். கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த வீடு. உங்களுக்குச் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

வரைபடம் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லையே?

தங்கை,
பெர்னடெட்


பிரிக்ஃபீல்ட்ஸ்
26 மே 2023

பெர்னடெட்,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். வீட்டைத் தொடாதே. மதிப்பீட்டாளர், வங்கி, குமரப்பன் யாரையும் உள்ளே விடாதே. ஒரு மண்மேட்டுக்காகத் தலைக்கு மேலிருக்கும் கூரையை அடகு வைப்பவளுக்கு என்ன பெயர் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. கறிபாப் விற்கிற ஒருத்தி தரையில் உட்கார்ந்தாளாம், உடனே ஊரே புரட்சிக்குக் கிளம்பிவிட்டதாம்!

பழைய காகிதமெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அந்த மலை என்றைக்குமே தனியார் நிலம்தான்.

இக்னேஷியஸ்


கிள்ளான்
11 ஜூன் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தில் நீங்கள் நலமா என்று இல்லை. என்னையும் கேட்கவில்லை. அறுபது வயதில் முதல் தடவையாக அதைக் கவனித்தேன்.

உங்கள் கடிதம் வருவதற்குள் மதிப்பீட்டாளர் வந்து போய்விட்டார். பழைய விற்பனைப் பத்திரம் வேண்டும் என்றார். கென்னத் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “ஆன்டி, இது என்ன விலை? அப்பவே இந்த விலைக்கு வீட்டு கதவு மட்டும்தான் வாங்கலாம்” என்று சிரித்தார். நான் உஷாராணி பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அதே வருடம், நடு வரிசை வீடு, சின்னது. அவர்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அண்ணே, இந்த மூலை வீட்டுக்கு நீங்கள் கொடுத்தது.

சேமிப்பெல்லாம் போட்டு வாங்கினேன் என்று சொன்னீர்கள். என் திருமண விருந்தில் அத்தனை பேர் முன்னால் சாவியை வைத்தீர்கள். நான் உங்கள் காலில் விழுந்தேன்.

மலையை அளந்தவர் நீங்கள். மலையை வைத்திருந்த கம்பெனி உங்களுக்கு ஒரு வீட்டைச் சும்மா கொடுத்திருக்கிறது. நான் இரண்டு தடவை ஒரு வரைபடம் கேட்டேன். முதல் தடவை எங்களைக் கேலி செய்தீர்கள். அடுத்த தடவை கரையான் என்றீர்கள். உங்கள் வீட்டில் கரையான் வந்தால் அதற்கே எல்லைக்கல் நட்டிருப்பீர்கள்.

உங்களுக்குக் காது மட்டும்தான் கேட்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்தேன்.

பெர்னடெட்


பிரிக்ஃபீல்ட்ஸ்
2 ஜூலை 2023

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்கும் தகுதியும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மூன்று வாரமாக எழுதிக் கிழித்தேன். இப்போது அளவைக் குறிப்பு எழுதுவது மாதிரி நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

1993. உன் தாமானுக்கு அங்கீகரித்த முதல் வரைபடத்தில் கீழே நூற்றெண்பது வீடு. மலை முழுவதும் பொது வெளி. வீடு கட்டி முடித்ததும் மலையை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அளந்தது நான். கல் நட்டது நான். ஒப்படைக்க ஒரு மாதம் இருக்கும்போது கம்பெனி இயக்குநர் என்னைக் கிள்ளானில் ஒரு காப்பிக்கடைக்குக் கூப்பிட்டார். “இக்னேஷியஸ், அந்த மலை யாருக்கு வேணும்? குரங்குதான் இருக்கு. கல்ல மட்டும் கொஞ்சம் கீழ இறக்கி போடுங்க. பிளான மாத்தி வரைங்க. உங்க ஆபீஸ்ல நான் பேசிட்டேன்” என்றார். பிறகு ஒரு சாவியை மேசையில் வைத்தார். மூலை வீடு. பத்திரத்துக்காகப் பேருக்கு ஒரு விலை.

மறுத்திருப்பேன். அப்படித்தான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் உன் சம்பந்தம் பேச ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். கென்னத் நல்லவன், அன்று வீட்டில் இல்லை. அவன் அம்மா மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுத்தார். எனக்கு வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த தகரக் குவளை. “கேரி தீவு தோட்டத்து பொண்ணு. கைய வீசிக்கிட்டுத்தான் வரும்” என்று என் காதுபட, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அப்போது எனக்கு நன்றாகக் காது கேட்கும்.

ஒரு காலை நேரத்தில் இரண்டு ஆட்களை வைத்துப் பதினொரு கற்களைப் பிடுங்கிக் கீழே நட்டேன். பொது வெளி உங்கள் வீட்டுப் பின்புறச் சாக்கடையோரத் துண்டாகச் சுருங்கியது. மலை கம்பெனியின் சொந்த லாட் நிலம் ஆனது. புது வரைபடத்தை நம்பித்தான் அலுவலகங்கள் எல்லாம் முத்திரை குத்தின. உன் விருந்தில் சாவியை வைத்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, பெர்னா. உன் மாமியார் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நிமிடம் வெளுத்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு மலையைக் கொடுத்தேன்.

முப்பது வருடம் அந்த மலையை யாரும் வெட்டவில்லை. வெட்டாதவரை குற்றமும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உன் துண்டறிக்கை வந்தது. சிரித்தேன். கறிபாப்பையும் பனியனையும் பார்த்துச் சிரித்தேன். நீங்கள் தகரம் குலுக்கித் தேடிய பொருள் என் அலமாரியில் இருந்தது. சிரிப்பை நிறுத்தினால் அலமாரியைத் திறக்க வேண்டிவரும்.

இயக்குநர் எரிக்கச் சொன்ன முதல் வரைபடத்தை நான் எரிக்கவில்லை. ஏன் என்று தெரியாது. நல்ல எண்ணம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. இத்துடன் இருக்கிறது. கேரனிடம் கொடு. வீட்டைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் வாய் திறக்காதே. வரைபடம் போதும். உன்னை இதில் இழுக்க வேண்டாம்.

இக்னேஷியஸ்


கிள்ளான்
9 செப்டம்பர் 2023

அண்ணனுக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருந்திருக்கும்.

வரைபடத்தைப் பல நாள் சாப்பாட்டு மேசையில் விரித்தே வைத்திருந்தேன். உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகு! மலை முழுக்க மெல்லிய பச்சை பூசியிருக்கிறீர்கள்.

கேரனிடம் கொடுத்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஆன்டி, இத யாரு வெச்சிருந்தாங்க? முப்பது வருஷமா ஏன் சொல்லல? இத கோர்ட்டுல கேப்பாங்க. பதில் இல்லன்னா இது வெறும் காகிதம்.” வீட்டை மறைத்துவிட்டு மலையைக் காப்பாற்ற முடியாது, அண்ணே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செயற்குழுவிடமும் நானே போய்ச் சொன்னேன். குமரப்பன் வீட்டுத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு பேர். நான் முடித்ததும் குமரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மிஸஸ் கென்னத், நீங்க இனிமே தகரம் தூக்க வேணாம். பாக்க நல்லா இருக்காது” என்றார். இந்த நிதியில் பாதிக்கு மேல் நான் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தது. அவர் ஒலிபெருக்கி பிடித்தது மட்டும்தான். ஒருவராவது ‘இவளுக்கு என்ன தெரியும்’ என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மாதா கோவில் வாசலில் ஒருத்தி, “லஞ்ச வீட்டுக்காரம்மா” என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். நான் பிரசவம் பார்த்த பெண். உஷாராணி மட்டும் மாறவில்லை. வந்து கதவைத் தட்டினாள், நான்தான் திறக்கவில்லை.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். எனக்குப் பரிசு என்று சொன்னீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது பரிசு இல்லை. என் மாமியார் முகத்தில் நீங்கள் விட்டெறிந்த கல். எறிந்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். நான் முப்பது வருடம் அதற்குள் சமைத்து, துவைத்து, ஜெபம் சொல்லி, கென்னத்தை அடக்கத்துக்கு அனுப்பினேன். அந்த அம்மா கடைசி ஆறு வருடம் என் கையால்தான் சாப்பிட்டார். ஒருநாள் என் கையைப் பிடித்து, “தோட்டத்து பொண்ணுன்னு சொன்னேன்மா, தப்பா சொல்லிட்டேன்” என்றார். அதற்கு வீடு காரணமில்லை. வீட்டை வைத்து நீங்கள் அவரை ஜெயித்தது அவருக்கே தெரியாது.

சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுங்கள். வீட்டையும் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

பெர்னடெட்


பிரிக்ஃபீல்ட்ஸ்
24 செப்டம்பர் 2023

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டையும் சேர்த்து.

கேரன் தயாரித்துக் கொண்டுவந்தார். மரியாதையான பெண், என்னை ஏளனமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிப் பார்த்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சத்தியப் பிரமாண அலுவலர் அறை இங்கே ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல் மாடியில். படி நெடுக ஆட்கள். அந்த இளைஞர் என் காகிதத்தைப் படித்துவிட்டு ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. அவர் எழுந்து நின்று கத்தினார்: “அங்கிள்! இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா? நீங்க கல்ல மாத்தினது, வீடு வாங்கினது, எல்லாம் உண்மையா?” நான் உண்மை என்றேன். அவருக்கு அது கேட்கவில்லை. “சத்தமா சொல்லுங்க!” நானும் கத்தினேன். நான் இறங்கிப் போகும்வரை வரிசை முழுக்க என்னையே பார்த்தது. கீழே கடையில் பரோட்டா போடுகிறவரும் வெளியே வந்து பார்த்தார். ஊரை அவ்வளவு ஏளனமாகப் பேசியவனை ஊர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. நியாயம்தான்.

மார்வின் படித்தான். மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது சாப்பாடு மட்டும் வாங்கிக் கொடுத்தனுப்புகிறான். லஞ்ச ஒழிப்புத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து வாக்குமூலம் வாங்கிப் போனார்கள். மேலே என்ன ஆகும் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

குமரப்பன் உன்னிடம் சொன்னதைப் படித்தேன். வழக்கம்போல அந்த மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. பிறகு கிழித்துவிட்டேன். அவர் உன்னைத் தள்ளி வைத்தது தன் சட்டையில் கறை படாமலிருக்க. அந்தக் கறை என்னுடையது. என்ன முகத்தோடு அவரைத் திட்டுவது?

உன் மாமியார் சொன்னதை எனக்கு எழுதியிருக்க வேண்டாம். எழுதியது நல்லது.

சர்க்கரையைப் பார்த்துக்கொள். உஷாராணிக்குக் கதவைத் திற.

இக்னேஷியஸ்


கிள்ளான்
15 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. கதவைத் திறந்தேன். ஒருநாளைக்கு இரண்டு தடவை வருகிறாள்.

போன வெள்ளிக்கிழமை தீர்ப்பு. கட்டுமான அனுமதி ரத்து. மாற்றிய வரைபடத்தின்மேல் கொடுத்த அனுமதி நிற்காது என்று நீதிபதி சொன்னார். உங்கள் வாக்குமூலத்தை வரிவரியாகப் படித்தார். உங்கள் பெயரை ஒன்பது தடவை சொன்னார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்ததும் எல்லோரும் எழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கேரன் மட்டும் வழி விலக்கிக்கொண்டு பின்னால் வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். கம்பெனி மேல்முறையீடு செய்யுமாம். மலை இப்போதைக்குத் தப்பியது. நிதி இன்னும் வேண்டும்.

நேற்று பொது மண்டபத்தில் நன்றிக் கூட்டம். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. குமரப்பன் பேச்சு அரை மணி நேரம். முடிந்து பிரியாணி பரிமாறும்போது என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, “மிஸஸ் கென்னத், உங்க அண்ணன அடுத்த கூட்டத்துக்கு வர சொல்லுங்க. பொன்னாடை போத்தணும். அவரு தைரியமா சொன்னதாலதான் ஜெயிச்சோம்” என்றார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. “கல்ல புடுங்கினவருக்கு பொன்னாடை. கதவு கதவா தட்டினவளுக்கு ஒரு தகரம்கூட இல்லையா?” என்றேன். பிரியாணிக் கரண்டிகள் நின்றுவிட்டன. நன்கொடை மேசையில் இருந்த தகரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உஷாராணி இரண்டு பொட்டலம் பிரியாணியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். இன்று காலை தகரத்தோடு முதல் வரிசையில் தொடங்கினேன். மூன்று கதவு திறக்கவில்லை. நான்காவது திறந்தது. மாடி அறைகள் இரண்டையும் பயிற்சித் தாதிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். அந்தப் பணம் இனி மலைக்கு. வீட்டை என்ன செய்வது என்று வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அண்ணே, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் போய்விட்டது, வரவில்லை. பொய்யாக எழுத விருப்பமில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு காலைப் பூசை முடிந்து இங்கே வாருங்கள். மேட்டில் ஏற உங்கள் முட்டி இடம் கொடுக்காது, ஊற்று வரைக்கும் மெதுவாகப் போகலாம். வழியில் அந்த வார்த்தை வந்தால் சொல்கிறேன். வராவிட்டால் சும்மா நடப்போம்.

தங்கை,
பெர்னடெட்


பிரிக்ஃபீல்ட்ஸ்
24 ஜனவரி 2024

அன்புத் தங்கைக்கு,

வருகிறேன். மார்வின் கொண்டுவந்து விடுகிறானாம். நேற்று அவனாகவே கேட்டான்.

அந்த மலையில் எனக்கு வழி தெரியும் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போய்விடாதே. ஓர் அடி விடாமல் அளந்திருக்கிறேன். நடந்ததில்லை.

அண்ணன்,
இக்னேஷியஸ்